குடுவைக்குள் ஒரு குட்டி மனிதன்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் ஸ்ட்ரைக் நாட்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருப்பார்கள், நான் வேறு ஏதாவது எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது நினைவுக்கு வந்தது நம் விலங்கியல் மியூசியத்தின் கடைசி அலமாரி. விலங்கியல் படித்த நாங்கள் மட்டுமா, ரெக்கார்டு நோட்டு இரவல் கேட்டு வந்த பௌதிக மாணவர்கள்கூட அந்த அலமாரியை எட்டிப் பார்க்காமல் போனதில்லை. ஃபார்மலின் ஜாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒரு சாண் உயரத்தில் அது உட்கார்ந்திருக்கும். ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டில் மாதக் கணக்கு மட்டும் எழுதியிருந்தது. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், இதோட அம்மா யாரு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "அது ரெஜிஸ்டர்ல இல்லேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜாடிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் கேட்ட கேள்வி ஒரு பழைய சரித்திரத்துக்கும் பொருந்தும். கண்ணாடிக் குடுவைக்குள் மனிதக் குழந்தையை உண்டாக்கிவிடலாம், அதற்குத் தாய் தேவையில்லை என்று அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் படித்த பெரிய மனிதர்கள் பல நூறு ஆண்டுகள் எழுதி வைத்தார்கள். அந்தக் குடுவைக் குழந்தைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ஹோமன்குலஸ். லத்தீன் மொழியில் 'குட்டி மனுஷன்' என்று அர்த்தம். மந்திரவாதிகளின் உளறல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காலத்துப் பாடப்புத்தகம் சொன்னதை வரிக்கு வரி நம்பினால் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்முறை. விலங்கியல்காரன் எழுதுகிறேன், குடும்பத்தோடு மலர் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'பொருள்களின் இயல்பு' என்ற தலைப்புள்ள ஒரு புத்தகம் 1572-ல் அச்சானது. ஆசிரியர் பெயர் பாரசெல்சஸ். அதில் சொல்லியிருப்பது இது: ஆணின் விந்தை ஒரு குடுவையில் இட்டு வாயை அடைத்து, குதிரைச் சாணத்தின் சூட்டில் நாற்பது நாள் அழுக விட வேண்டும். அசைவு தெரியும் வரை விட வேண்டும். பிறகு மனித உருவம் போல, ஆனால் உடம்பே இல்லாதது போலக் கண்ணாடியாய் ஒன்று தெரியும். அதற்கு மனித ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு சத்தைத் தினமும் ஊட்டி, அதே சூட்டில் நாற்பது வாரம் காத்தால், பெண் பெற்ற பிள்ளையைப் போலவே எல்லா அங்கமும் கொண்ட உயிருள்ள குழந்தை கிடைக்கும். அளவு மட்டும் ரொம்பச் சிறிசு. அதற்கு அறிவு வரும் வரை மிகுந்த அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது புத்தகம். கலையால் பிறந்ததால் யாரிடமும் படிக்காமலே அதற்கு ரகசியங்கள் எல்லாம் தெரிந்திருக்குமாம்!

இந்தப் பாரசெல்சஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் என்ற ஊரில் 1493 வாக்கில் பிறந்தவர். 1527-ல் பேசல் நகரத்து வைத்தியரானார். பல்கலைக்கழகத்தில் லத்தீனை விட்டு, சாதாரண ஜனங்கள் பேசும் ஜெர்மனில் பாடம் நடத்தினார். அதே வருஷம் ஜூன் மாதத் திருவிழா நெருப்பில், எல்லோரும் வேதம் போல வைத்திருந்த வைத்திய நூலைத் தூக்கிப் போட்டார். மறு வருஷம் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று, சொல்லவா வேண்டும்! சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரும் நோயைப் பற்றித் தனியாகப் புத்தகம் எழுதிய முன்னோடி அவர். விஷமா மருந்தா என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது என்று சொன்னவரும் அவரே. 1541-ல் சால்ஸ்பர்க் நகரில் காலமானார். மேலே சொன்ன புத்தகம் வெளிவந்தது அவர் செத்து முப்பது வருஷம் கழித்து. அது முழுக்க அவர் எழுதியதுதானா என்று ஆராய்ச்சியாளர்கள் பலரும் சந்தேகப்படுகிறார்கள். ஹோமன்குலஸைப் பற்றி அவரே எழுதியதாக ஒப்புக்கொள்ளப்படும் வேறொரு சிறு நூலில், இது ஒரு சாதனையாக வரவில்லை, எச்சரிக்கையாகத்தான் வருகிறது. அடக்கத் தெரியாத இச்சையால் கெட்டுப்போகும் விந்திலிருந்து விகாரமான உயிர்கள் உண்டாகும் என்று பயமுறுத்துகிறார் மனுஷன். ஆனால் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டது எச்சரிக்கையை அல்ல, செய்முறையைத்தான்.

சரி, இதை ஏன் நம்பினார்கள்? நாற்பது நாள், நாற்பது வாரம், குதிரைச் சாணம் - இவை எங்கிருந்து வந்தன?

எல்லாவற்றுக்கும் மூலபுருஷர் அரிஸ்டாட்டில். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அவர் சொன்ன கருத்து இது: பிள்ளைக்கு உருவத்தையும் இயக்கத்தையும் கொடுப்பது தகப்பன், தாய் கொடுப்பது வெறும் பொருள். தச்சன் மரத்தில் கட்டில் செய்கிறான், மரம் கட்டில் செய்வதில்லை, அது மாதிரி. இன்னொரு உவமையும் சொல்கிறார், நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும்: பால் உறைவது போல. பாலில் விடும் உறை, தகப்பன். உறைகிற பால், தாய். ஆண் கரு நாற்பது நாளில் அங்கம் பிரியும், பெண் கருவுக்குத் தொண்ணூறு நாள் ஆகும் என்றும் கணக்குக் கொடுத்தார். செய்முறையில் வரும் நாற்பது நாளுக்கு இதுவே அடி என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் குடுவையில் பிறப்பது ஆணாகத்தானே இருக்க முடியும்! நாற்பது வாரக் கணக்கோ, எந்தப் பாட்டிக்கும் தெரிந்த கர்ப்ப காலம்.

குதிரைச் சாணத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், ராத்திரி பகல் அணையாமல், சீராக, இதமாகச் சூடு தரக்கூடியது எருக் குவியல் ஒன்றுதான். ரசவாதிகள் அதைக் 'குதிரை வயிறு' என்றே அழைத்தார்கள். இன்றைய லேபில் நாம் இன்குபேட்டர் என்று சொல்வதன் தாத்தா அது. எகிப்தில் முட்டைகளை எருவில் புதைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கலாம் என்றால், பெண் இல்லாமல் பிள்ளை ஏன் கூடாது? உருவம் முழுக்க விந்திலேயே இருக்கிறது, கருப்பை வெறும் சூடான பாத்திரம் என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டுவிட்டால், பாத்திரத்தை மாற்றுவதில் என்ன தடை? பொருளுக்கு ரத்தம் இருக்கிறது, சூட்டுக்குச் சாணம் இருக்கிறது. கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், எடுத்துக்கொண்ட சூத்திரம்தான் தப்பு.

(இதைப் படிக்கும்போது குடத்தில் பிறந்த துரோணரும், நெய்க் குடங்களில் வளர்ந்த கௌரவர்களும் உங்களுக்கு ஞாபகம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கதைகளுக்கும் இந்தச் செய்முறைக்கும் தொடர்பு உண்டு என்று காட்ட ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆகவே 'எல்லாம் நம்மகிட்டேருந்து போனது' என்று மார்தட்டுவதற்கில்லை.)

பாரசெல்சஸுக்கு அறுநூறு எழுநூறு வருஷம் முன்பே அரபு மொழியில் இது பேசப்பட்டது. ஜாபிர் என்ற பேரறிஞரின் பெயரில் வழங்கும் நூல்களில், எந்தப் பிராணி வேண்டுமோ அதன் உருவத்தில் அச்சு செய்து, கண்ணாடிக் கோளத்துக்குள் வைத்து உயிர் உண்டாக்கும் வழி சொல்லப்படுகிறது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு நூல் பிளேட்டோவின் பெயரில் உலவியது (பிளேட்டோவுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது). 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது அதற்குப் 'பசுவின் புத்தகம்' என்று பெயர் வந்தது. அதில் குடுவைக்குப் பதில் பசு அல்லது செம்மறி ஆடு. அதன் வயிற்றில் மனித விந்தைச் சேர்த்து, வெயில் படாத இருட்டு வீட்டில் கட்டிவைத்து, ரத்தத்தை ஆகாரமாகக் கொடுக்கிறார்கள். பிறப்பது ஒரு பிண்டம். அதன் மேல் சில பொடிகளைத் தூவினால் மனிதத் தோல் படர்கிறது. பசித்து அழும்போது, தலை வெட்டப்பட்ட தாய் மிருகத்தின் ரத்தத்தை ஊட்ட வேண்டுமாம்.

எதற்கு இவ்வளவு பாடு? பிள்ளைப் பாசத்தால் அல்ல. ஒரு வருஷம் வைத்திருந்து பாலும் மழைத் தண்ணீரும் கலந்து அதில் இறக்கினால் தூரத்தில் நடப்பதைச் சொல்லும். நாற்பது நாள் இருட்டில் வளர்த்து, வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துக் கைகாலில் தேய்த்துக்கொண்டால் தண்ணீரில் நடக்கலாம். அதாவது குழந்தை என்பது இங்கே ஒரு மருந்துச் சரக்கு. இந்த இடத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கற்பனைதான், யாரும் செய்திருக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் உட்கார்ந்து எழுதியவன் ஒருவன் இருந்திருக்கிறானே!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் ஹெராத் நகரில் வாழ்ந்த பாரசீகக் கவி ஜாமி, 'சலாமான் - அப்சால்' என்ற பழைய கதையைக் காவியமாகப் பாடினார். கிரேக்க ராஜா ஒருவனுக்கு வாரிசு வேண்டும், பெண் வேண்டாம். அவனுடைய ஞானி, ராஜாவின் வித்தை எடுத்துக் கருப்பை அல்லாத வேறிடத்தில் வைத்து ஒன்பது மாதத்தில் ஆண் குழந்தையை உண்டாக்கிக் கொடுக்கிறான். பெண்ணே இல்லாமல் பிள்ளை வந்தாயிற்று, ஜெயித்தாயிற்று! ஆனால் குழந்தை பாலுக்கு அழுகிறது. ஞானியிடம் அதற்கு மருந்து இல்லை. அப்சால் என்ற அழகான இளம் பெண்ணைச் செவிலியாகக் கொண்டு வருகிறார்கள். பிள்ளை வளர்ந்து வாலிபனானதும் காதலிப்பது அவளைத்தான். இருவரும் சேர்ந்து நெருப்பில் இறங்குகிறார்கள். ஞானியும் ராஜாவுமாக அவனை மட்டும் காப்பாற்றிவிடுகிறார்கள், அவள் எரிந்துபோகிறாள். ஜாமி இதற்குத் தத்துவார்த்தம் சொல்கிறார், ஆத்மா, சரீர இச்சை என்றெல்லாம். இருக்கட்டும். எனக்கு அந்தப் பால் கேட்ட அழுகைதான் காதில் நிற்கிறது.

ஸ்பெயின் பக்கத்து வைத்தியர் வில்லனோவா ஊர் அர்னால்டு 1311-ல் இறந்தவர். அவரைப் பற்றி அடுத்த நூற்றாண்டில் ஒரு கதை எழுதப்பட்டது. விந்தையும் மருந்துகளையும் ஒரு பாத்திரத்தில் வைத்தாராம். சில நாளில் மனித உடல் உருவாகத் தொடங்கியதாம். முழுமை அடையும் முன் பாத்திரத்தை உடைத்துவிட்டாராம். இதற்குள் ஆத்மாவைப் போடும்படி கடவுளை நிர்ப்பந்தித்தது போல ஆகிவிடுமே என்ற பயம். நடந்த சம்பவம் என்று இதை நான் நம்பவில்லை. ஆனால் பிரச்னை அந்தக் காலத்தவருக்கு எவ்வளவு நிஜமாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. அந்தக் குடுவையில் இருப்பது யார்? ஆத்மா உண்டா? உடைத்தால் கொலையா? இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் உறைய வைத்த கருக்களைப் பற்றிக் கோர்ட்டுகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இது ரொம்ப தூரத்தில் இல்லை.

அடுத்து பூதக்கண்ணாடிக் காலம். இனிமேல் இந்த மூடநம்பிக்கை ஒழிந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், தானே தேய்த்த லென்ஸில் 1677-ல் விந்தைப் பார்த்தார். வால் முளைத்த குட்டிப் பிராணிகள் கோடிக்கணக்கில் நீந்தின. (லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதும்போது, இது பாவ வழியில் கிடைத்ததல்ல, தாம்பத்தியத்தில் மிஞ்சியது என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். பாவம், மானஸ்தர்!) உடனே பழைய யோசனை புதுச் சட்டை போட்டுக்கொண்டது. அந்த வால் பிராணிக்குள்ளேயே மனிதன் முழுசாக மடிந்து உட்கார்ந்திருக்கிறான், தாயின் வயிறு அவனுக்கு வெறும் விளைநிலம் என்றார்கள். 1694-ல் ஹார்ட்சூக்கர் என்ற டச்சுக்காரர் படமே போட்டுவிட்டார். விந்தணுவின் தலைக்குள் பெரிய மண்டையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி மனிதன். அந்தப் படம் நாம் படித்த பாடப்புத்தகங்களிலும் இருந்தது. 'ஹார்ட்சூக்கர் மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்தார்' என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். தப்பு. பார்த்ததாக அவர் சொல்லவே இல்லை. பார்க்க முடிந்தால் ஒருவேளை இப்படி இருக்கலாம் என்றுதான் எழுதினார். ஆனால் படம் போட்டால் போதும், 'ஒருவேளை' என்ற சொல் காணாமல் போய்விடுகிறது. 1699-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் புனைபெயரில், நான் அந்தக் குட்டி மனிதனைக் கண்ணால் கண்டேன், சட்டை உரிப்பது போல் வெளியே வந்தான் என்று பத்திரிகைக்கு எழுதினார். வேடிக்கைக்காக! அதையும் நம்பியவர்கள் உண்டு. லீவன்ஹூக் உட்கார்ந்து மறுப்பு எழுத வேண்டியதாயிற்று.

நியாயமாகச் சொன்னால் எதிர்க்கட்சியும் இருந்தது. மனிதன் மடிந்து கிடப்பது முட்டையில், விந்து அவனை எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான் என்றது அந்தக் கட்சி. ஆனால் பாலூட்டியின் முட்டையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதுதான் அன்றைய நிலைமை.

இதற்கு நடுவில் 1775-ல் ஒரு பிரபு விவகாரம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கூஃப்ஸ்டைன் பிரபு ஓர் இத்தாலியப் பாதிரியாருடன் சேர்ந்து பத்துக் குட்டி மனிதர்களை உண்டாக்கி ஜாடிகளில் வைத்திருந்தார் என்பது கதை. ராஜா, ராணி, சந்நியாசி, கன்னியாஸ்திரி, சுரங்கத் தொழிலாளி என்று ஆளுக்கொரு வேஷம். குதிரைச் சாணத்தில் புதைத்து வைத்துத்தான் அவற்றையும் வளர்த்தாராம். ராஜா ஒருநாள் தன் ஜாடியிலிருந்து தப்பித்து ராணியின் ஜாடி மூடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தாராம். சந்நியாசியின் ஜாடி கீழே விழுந்து உடைந்து அவர் செத்துப்போக, தோட்டத்தில் அடக்கம் செய்தார்களாம். பிரபுவின் வேலைக்காரர் எழுதிய நாட்குறிப்பில் இதெல்லாம் இருந்தது என்று சொல்லி 1873-ல் வியன்னாவில் அச்சிட்டார்கள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு சின்னப் பங்கு இருப்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. இந்தக் கதையை ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஃபிரான்ஸ் ஹார்ட்மன் என்ற ஜெர்மன் டாக்டர். 1883-ல் சென்னை அடையாறுக்கு வந்து தியசாபிகல் சொசைட்டி தலைமையகத்தில் தங்கியவர். பிளாவட்ஸ்கி அம்மையார் ஐரோப்பா போயிருந்த நேரத்தில் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1885-ல் ஊர் திரும்பி, 1887-ல் பாரசெல்சஸின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கூஃப்ஸ்டைன் பிரபுவின் ஜாடிகளை அதில் சேர்த்தது அவர்தான். உண்மையாக இருக்கக்கூடும் என்கிற தொனியில்தான் எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், வைத்தியம் படித்த ஒரு டாக்டர்!

அதற்குள் லேபில் கதை முடிந்துவிட்டது. 1827-ல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர் ஒரு பெண் நாயின் சினைப்பையை அறுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். மஞ்சள் புள்ளி போல ஒன்று தெரிந்தது. பாலூட்டியின் முட்டையை மனிதக் கண் பார்த்தது அதுதான் முதல் தடவை. அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! தாயின் பங்கு வெறும் சூடும் ரத்தமும் இல்லை, அவளும் ஒரு வித்தைத் தருகிறாள் என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது.

ஐந்து வருஷம் கழித்து, 1832-ல், கெதேயின் 'ஃபாஸ்ட்' இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதில் ஒரு பண்டிதர் குடுவையில் ஹோமன்குலஸைச் செய்துவிடுகிறார். அவன் பிரகாசமாக இருக்கிறான், புத்திசாலித்தனமாகப் பேசுகிறான், ஆனால் கண்ணாடியை விட்டு வெளியே வர முடியாது. அவனுக்கு ஒரே ஆசைதான், ஒழுங்காகப் பிறக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் வழி கேட்கிறான். கடைசியில் கடலுக்குப் போகிறான். கலாத்தேயா என்ற தேவதையின் சிப்பித் தேரில் மோதித் தன் குடுவையைத் தானே உடைத்துக்கொண்டு தண்ணீரில் கலக்கிறான்.

அதே மத்தியதரைக் கடலின் இன்னொரு மூலையில், கார்சிகா தீவில், 1875-ல் ஆஸ்கர் ஹெர்ட்விக் என்ற இளைஞர் கடல் முள்ளெலிகளைப் பிடித்து வந்தார். அவற்றின் முட்டை கண்ணாடி போல ஒளி ஊடுருவக் கூடியது, உள்ளே நடப்பது தெரியும். நாமும் பிராக்டிகலில் ஸ்லைடு பார்த்திருக்கிறோம். விந்தைச் சேர்த்துவிட்டு அவர் காத்திருந்தார். முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் தெரிந்தன. சில நிமிஷங்களில் அவை மெதுவாக ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து, ஒட்டி, ஒன்றாயின. அதில் ஒன்று விந்தோடு வந்தது. மற்றது முதலிலிருந்தே அந்த முட்டையில் இருந்தது, தாயினுடையது.